எல்லா கமாண்டுக்கும் பொதுவான அந்த ஏழெட்டு பாராமீட்டர்

எந்த மெயின்ஃப்ரேம் மேனுவல எடுத்தாலும் ஒவ்வொரு கமாண்டையும் வெளக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி "பொதுவான பாராமீட்டர்கள்"னு ஒரு அத்தியாயம் இருக்கும், அத யாரும் படிக்க மாட்டாங்க. நேரா ஆட், மூவ், ஜெனரேட்னு தனக்கு வேண்டிய கமாண்டுக்குப் போய், அங்க இருக்கற உதாரணத்த அப்படியே காப்பி அடிச்சு, பேர மட்டும் மாத்தி ஓட்டிருவாங்க. ஓடிரும். ஓடறவரைக்கும் யாருக்கும் அந்த அத்தியாயம் தேவைப்படாது. கான்ஃபிகரேஷன் மேனேஜ்மென்ட் டூல்கள்ல வேலை பாக்கறவங்க நெறைய பேர் வருஷக்கணக்கா அந்தப் பக்கத்தத் திறக்காமயே ஓட்டிருக்காங்கன்னு அடிச்சு சொல்வேன். எங்க டீம்ல ஒரு தம்பியோட இதப் பத்தி ஒரு வாக்குவாதம் கொஞ்ச நாளா ஓடிட்டிருக்கு, இன்னும் முடியல, அதான் எழுதி வெச்சிரலாம்னு தோணுச்சு.

தம்பி கிட் (Git), ஜாவா பக்கத்துல இருந்து வந்தவன். கெட்டிக்காரன். எண்டெவர்ங்கறது மெயின்ஃப்ரேம்ல சோர்ஸ் கோட வெச்சுப் பாத்துக்கற டூல், அதுல இருக்கற ஒவ்வொரு சோர்ஸுக்கும் எலிமென்ட்னு பேரு. அந்த எண்டெவர் ஏபிஐய கூப்பிடற பைப்லைன பராமரிக்கற வேலை அவனுக்கு வந்துச்சு. வந்ததும் அவன் கேட்ட கேள்வி, "அண்ணா, ஒரு எலிமென்ட்ட மூவ் பண்ணணும், அவ்ளோதான். அதுக்கு என்விரான்மென்ட், ஸ்டேஜ், சிஸ்டம், சப்சிஸ்டம், டைப், எலிமென்ட் பேரு, அப்பறம் சிசிஐடி, கமென்ட்னு இவ்ளோ சொல்லணுமா? வினை ஒண்ணு, அதுக்கு எடுபிடி எட்டு. எல்லா கமாண்டுக்கும் இதேதான திரும்பத் திரும்ப போகுது, ஒரு கான்ஃபிக் ஃபைல்ல போட்டு டீஃபால்ட் ஆக்கிரலாம்ல?" கேக்க நியாயமாத்தான் இருக்கு. பாதி நியாயம்தான்னு நான் சொல்றேன், எந்தப் பாதிங்கறதுலதான் சண்டை.

முதல்ல அவன் பக்கத்து நியாயத்த சொல்லிடறேன். எண்டெவர்ல ஒரு புரோகிராமோட விலாசம் நீளமானது. ஒரே பேருல ஒரு கோபோல் புரோகிராம் டெவலப்மென்ட்ல ஒண்ணு, டெஸ்ட்ல ஒண்ணு, புரொடக்ஷன்ல ஒண்ணுன்னு இருக்கும். அதே பேருல டைப் வேறயா ஒரு ஜேசிஎல்லும் இருக்கலாம், ஒரு காப்பிபுக்கும் இருக்கலாம். என்விரான்மென்ட் ஒவ்வொண்ணுக்கும் ரெண்டே ரெண்டு ஸ்டேஜ்தான், கூடவும் கிடையாது கொறையவும் கிடையாது. எந்த என்விரான்மென்ட்டோட எந்த ஸ்டேஜுக்கு அப்பறம் எதுன்னு ஒரு மேப் இருக்கும், அந்த மேப் வழியாத்தான் எலிமென்ட் மேல ஏறும். இதுல எந்த ஒரு துண்டு விட்டுப் போனாலும் எதப் பத்தி பேசறோம்னு டூலுக்குத் தெரியாது. கிட்ல இந்தத் தொல்லை ஏன் இல்லன்னா அங்க நாம ஒரு ஃபோல்டருக்குள்ள நிக்கறோம், "நான் இங்க இருக்கேன்"ங்கறதே பாதி பாராமீட்டர நிரப்பிடுது. பேட்ச் ஜாபுக்கு அந்த "இங்க" கிடையாது. அது ராத்திரி ஏதோ ஒரு இனிஷியேட்டர்ல பொறந்து, வேலைய முடிச்சு, செத்துப் போகுது. முன்னாடி ஓடுன ஜாப் எங்க நின்னுச்சுன்னு இதுக்கு ஞாபகம் இருக்க வழியே இல்ல. அதனால ஒவ்வொரு தடவையும் முழு விலாசமும் சொல்லித்தான் ஆகணும்.

அத கொறைக்கத்தான் எண்டெவருக்கு கமாண்ட் எழுதற மொழியான எஸ்சிஎல்ல செட் ஸ்டேட்மென்ட் இருக்கு. மேல ஒரு தடவ செட் ஃப்ரம், செட் டூ, செட் ஆப்ஷன்ஸ்னு போட்டுட்டா கீழ வர்ற ஆக்ஷன் எல்லாத்துக்கும் அதுவே செல்லும், இன்னொரு செட்டோ கிளியரோ வர்றவரைக்கும். ஆக்ஷனுக்குள்ளயே ஒரு மதிப்பு குடுத்திருந்தா அந்த ஒரு ஆக்ஷனுக்கு மட்டும் அது ஜெயிக்கும், அடுத்ததுக்கு மறுபடி செட்தான். இது தெளிவான விதிதான், ஆனா எஸ்சிஎல் மெம்பர் வளர வளர கண்ணுக்குத் தெரியாத விதி ஆயிடும். மேல எங்கயோ 400 வரிக்கு முன்னாடி போட்ட செட் ஆப்ஷன்ஸ்ல ஒரு ஓவர்ரைடு சைன்அவுட் (அடுத்தவர் தன் பேருல எடுத்து வெச்சிருந்தாலும் மீறி எடுத்துக்கோங்கறது) ஒளிஞ்சிட்டு இருக்கும். நடுவுல புதுசா ஒருத்தர் ஒரு ஆக்ஷன சொருகுவாரு, அவரு ஓவர்ரைடே எழுதல, ஆனா அடுத்தவர் சைன்அவுட் பண்ணி வெச்சிருந்த எலிமென்ட்ட டூல் மறுபேச்சு இல்லாம தூக்கிக் குடுத்திரும். அந்த ஆக்ஷன மட்டும் எடுத்துப் படிச்சா ஒரு தப்பும் தெரியாது.

காலி இடத்துக்கு என்ன அர்த்தம்

பொதுவான பாராமீட்டர்ல எனக்குப் பிடிச்ச பகுதி (பிடிச்சன்னு சொல்றது கொஞ்சம் ஓவர்தான்) குடுக்காம விட்டா என்ன ஆகும்ங்கறது. மெயின்ஃப்ரேம்ல ஸ்கிரீன், எடிட்டர் எல்லாம் குடுக்கற ஐஎஸ்பிஎஃப்போட வர்ற எஸ்சிஎல்எம்ல (எண்டெவர் மாதிரியே இன்னொரு டூல்) இது அப்பட்டமாத் தெரியும். அங்க எஃப்எல்எம்கமாண்டுன்னு ஒரு இன்டர்ஃபேஸ் இருக்கு, அதுல பாராமீட்டருக்கு பேரே கிடையாது, எத்தனாவது எடத்துல இருக்குங்கறதுதான் அதோட அடையாளம். சர்வீஸ் பேரு, கமா, புராஜெக்ட், கமா, புராஜெக்ட் டெஃபனிஷன், கமா, குரூப், டைப், மெம்பர்னு வரிசையா போகும். ஒண்ண விடணும்னா ரெண்டு கமாவ ஒட்டி வெக்கணும். புராஜெக்ட் டெஃபனிஷன விட்டா புராஜெக்ட் பேரையே எடுத்துக்கும், பெரும்பாலும் அதான் வேணும், அதனால எல்லாரோட ஸ்கிரிப்ட்லயும் அந்த எடத்துல ரெண்டு கமா அடுத்தடுத்து இருக்கும். ஒரு கமா கொறஞ்சா போச்சு, குரூப் பேரு டெஃபனிஷன் ஆயிடும், டைப் குரூப் ஆயிடும், மெம்பர் டைப் ஆயிடும். நல்ல வேளையா அப்படி ஒரு டெஃபனிஷனே லைப்ரரில இருக்காது, அதனால உடனே கத்திரும். பில்ட் சர்வீஸ்ல இன்னும் தள்ளிப் போனா ஸ்கோப்புக்கு ஒரு எழுத்து, மோடுக்கு ஒரு எழுத்துன்னு வரும். மோட்ல சி போட்டா மாறுனது மட்டும், எஃப் போட்டா எல்லாத்தையும் கட்டாயமா, ஆர் போட்டா ரிப்போர்ட் மட்டும். அந்த ஒத்த எழுத்து காலியா இருந்தா என்ன எடுத்துக்கும்னு தெரியாமயே பில்ட் ஓட்டறவங்க இருக்காங்க.

எண்டெவர் ஏபிஐல கதை வேற. அங்க கமா கிடையாது, நீளம் கட்டம் கட்டுன ஸ்ட்ரக்சர். கூப்பிடற புரோகிராம் ஒரு கன்ட்ரோல் பிளாக் அனுப்பும், அதுல மெசேஜ் எந்த டிடிக்கு (ஜாப்ல ஃபைலுக்கு வெக்கற பேரு) எழுதணும், லிஸ்ட் எந்த டிடிக்குப் போகணும், வேலை முடிஞ்சதும் சர்வர மூடணுமா வேண்டாமான்னு இருக்கும். இதுவும் பொதுவான பாராமீட்டர்தான், எந்த ரிக்வெஸ்ட்டா இருந்தாலும் கூடவே போகும். அப்பறம் ரிக்வெஸ்ட்டோட ஸ்ட்ரக்சர், அதுல என்விரான்மென்ட்டுக்கு 8 பைட், சிஸ்டத்துக்கு 8, சப்சிஸ்டத்துக்கு 8, டைப்புக்கு 8. 8 பைட்டு, ஏன்னா மெயின்ஃப்ரேமோட ஆபரேட்டிங் சிஸ்டமான இசட் ஓஎஸ்ல மெம்பர் பேரு 8, டிடி பேரு 8, டேட்டாசெட் பேருல புள்ளிக்கு நடுவுல வர்ற ஒவ்வொரு துண்டும் அதிகபட்சம் 8. பேரு 5 எழுத்துன்னா மிச்சம் 3 பைட்டுல பிளாங்க் இருக்கணும். மெயின்ஃப்ரேம் எழுத்துக் குறியீடான எப்சிடிக்ல பிளாங்க்னா ஹெக்ஸ் 40. கோபோல்ல எழுதறவங்க முதல் வரில ஸ்ட்ரக்சர் முழுசையும் ஸ்பேசஸ் பண்ணிடுவாங்க, பழக்கம். வேற லாங்குவேஜ்ல இருந்து வர்றவங்க மெமரிய ஜீரோ பண்ணிட்டு பேர மட்டும் காப்பி பண்ணுவாங்க, அது அவங்க ஊர் பழக்கம். ரெண்டையும் பிரிண்ட் பண்ணிப் பாத்தா ஒரே மாதிரிதான் தெரியும். உள்ள ஒண்ணு "குடுக்கல"ன்னு சொல்லுது, இன்னொண்ணு கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்த பேருல சேத்து சொல்லுது. "ஆனா பேரு கரெக்டா இருக்கே"ன்னு ஒரு மத்தியானம் முழுக்க புலம்புன ஒருத்தர எனக்குத் தெரியும். ஐஎஸ்பிஎஃப்ல ஹெக்ஸ் ஆன் போட்டுக் காட்டுனதுக்கு அப்பறம்தான் நம்புனாரு.

இதுக்கு மேல ஒரு ரெஸ்ட் ஏபிஐ வந்துட்டா இன்னும் அழகு. ஜேசான்ல ஒரு ஃபீல்டு இல்லாம இருக்கறது ஒண்ணு, நல் (null)னு இருக்கறது ஒண்ணு, வெறும் மேற்கோள்குறி ரெண்டு இருக்கறது ஒண்ணு. இந்த மூணும் கீழ போய் 8 பைட் கட்டத்துல விழும்போது ஒரே காலி ஆயிடும். அந்தக் காலிக்கு சில எடத்துல டீஃபால்ட்னு அர்த்தம், சில எடத்துல "எல்லாம்"னு அர்த்தம், சில எடத்துல எர்ரர். லிஸ்ட் பண்ற கமாண்டுல எல்லாம்னு எடுத்துக்கறதால ஒண்ணும் குடிமுழுகாது. அதே பழக்கத்துல டெலீட் பண்ற கமாண்டுக்கு எலிமென்ட் பேருல ஸ்டார் வந்து நிக்கும்போதுதான் அடிவயிறு கலங்கும்.

லிஸ்ட்லயும் ஒரு பொறி இருக்கு. பாத்னு ஒரு பாராமீட்டர், ரிட்டர்ன்னு ஒரு பாராமீட்டர். பாத் லாஜிக்கல்னு இருந்து மேப்ல மேல தேடச் சொல்லியிருந்தா, டெவலப்மென்ட்ல இல்லாத எலிமென்ட்ட மேல புரொடக்ஷன்ல கண்டுபிடிச்சு இந்தாங்கன்னு குடுக்கும். ரிட்டர்ன் ஃபர்ஸ்ட்னா முதல்ல கெடச்சதோட நிக்கும், ஆல்னா வழில கெடச்ச எல்லாத்தையும் அள்ளிட்டு வரும். "டெவலப்மென்ட்ல இருக்கான்னு கேட்டேன், இருக்குன்னு வந்துச்சு"ன்னு ஸ்கிரிப்ட் எழுதுறவன் நம்பிடுவான். பதில்ல என்விரான்மென்ட்னு ஒரு காலம் (column) இருக்கும், அதுல புரொடக்ஷன்னு தெளிவா எழுதியிருக்கும், அத யாரு பாக்கறா.

ஆனா மொத்தமாப் பாத்தா விலாசம் சம்பந்தப்பட்ட பாராமீட்டர்ல வர்ற தப்பு பெரும்பாலும் சத்தம் போடும். எலிமென்ட் இல்லன்னு சொல்லும், 8ஓ 12ஓ ரிட்டர்ன் கோடு வரும், ஜாப் நிக்கும், நாம திருத்துவோம். (ரிட்டர்ன் கோடு ஏன் 4, 8, 12, 16னு தாவுதுன்னு தம்பி கேட்டான். அந்தக் காலத்துல அத நேரா ஒரு பிராஞ்ச் டேபிளுக்கு இண்டெக்ஸா போடுவாங்க, பிராஞ்ச் இன்ஸ்ட்ரக்ஷன் ஒவ்வொண்ணும் 4 பைட்டு, பெருக்கல் மிச்சம். அன்னிக்கு முழுக்க அவனுக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.) அதனால விலாசத்த டீஃபால்ட் ஆக்கிக்கோ, கான்ஃபிக்ல போட்டுக்கோ, எனக்கு ஆட்சேபணையே இல்ல. என் சண்டை கடைசி ரெண்டு பேரப் பத்தினது.

சிசிஐடியும் கமென்ட்டும்

சிசிஐடி 12 எழுத்து, கமென்ட் 40 எழுத்து. இந்த மாற்றம் எந்த வேலைக்காக, என்ன காரணம். ஆட், அப்டேட், ரிட்ரீவ், ஜெனரேட், மூவ், எல்லாத்துலயும் வரும். மேனுவல்ல பாத்தா என்விரான்மென்ட், சிஸ்டத்தோட ஒரே பந்தில உக்காந்திருக்கும். தம்பி கண்ணுக்கு அது இன்னும் ரெண்டு ஃபீல்டு. யாரைக் கொற சொல்றது, டூல்களும் அப்படித்தான் வெச்சிருக்கு. ஸோவே சிஎல்ஐக்கு (மெயின்ஃப்ரேம வெளிய இருந்து கமாண்ட் லைன்ல ஓட்டற டூல்) எண்டெவர் பிளக்கின் போட்டீங்கன்னா அதுல எண்டெவர் லொக்கேஷன்னு ஒரு புரொஃபைல் உண்டு, பேரே லொக்கேஷன், அதுக்குள்ள என்விரான்மென்ட், சிஸ்டம், சப்சிஸ்டம், டைப், ஸ்டேஜ் நம்பரோட சிசிஐடியும் கமென்ட்டும் சேத்து எழுதி வெச்சுக்கலாம். வசதிதான். ஒரு தடவ எழுதுனா அப்பறம் கேக்கவே கேக்காது.

இந்த விஷயம் என்னைப் போட்டுக் கொடைய ஆரம்பிச்சது தம்பி வர்றதுக்கு முன்னாடியே. அப்ப நாங்க வேற எடத்துல ஒரு சிஸ்டத்தப் பராமரிச்சிட்டிருந்தோம், எந்த எடம்னு வேண்டாம். மாசக் கடைசி பேட்ச் ஒண்ணு எஸ்0சி7ல விழுந்துச்சு. மெயின்ஃப்ரேம்காரங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, நம்பர் இருக்க வேண்டிய ஃபீல்டுல நம்பர் இல்ல. டம்ப்ப பாத்ததும் எந்த ஃபீல்டுன்னு தெரிஞ்சிடுச்சு, ஒரு பேக்டு டெசிமல் ஃபீல்டு, உள்ள பூரா 40 40 40 40, அதாவது பிளாங்க். மேல இருந்து வர்ற ஃபைல்ல அந்தத் தொகைய யாரோ காலியா விட்டுட்டாங்க. சரி, நாங்க ஏன் அத கணக்குல சேக்கறதுக்கு முன்னாடி செக் பண்ணலன்னு பாத்தா, செக் இருந்திருக்கு. நியூமெரிக்கா இல்லன்னா அந்த ரெக்கார்ட தாண்டிப் போன்னு ஒரு இஃப் இருந்திருக்கு. யாரோ எடுத்திருக்காங்க.

எண்டெவர்ல இத கண்டுபிடிக்கறது சுலபம். அது முழு சோர்சையும் ஒவ்வொரு தடவையும் தனியா வெச்சுக்காது, ஒரு பேஸ், அதுக்கு மேல ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு டெல்டா லெவல். ஹிஸ்டரி போட்டா ஒவ்வொரு வரிக்குப் பக்கத்துலயும் எந்த லெவல்ல வந்துச்சு, எந்த லெவல்ல போச்சுன்னு நிக்கும். ஒவ்வொரு லெவலுக்கும் யூசர் ஐடி, தேதி, நேரம், சிசிஐடி, கமென்ட். அந்த இஃப் 01.14ல போயிருக்கு. மேல போய் 01.14க்கு என்ன எழுதியிருக்குன்னு பாத்தோம். சிசிஐடி, பைப்லைன்01. கமென்ட், ஆட்டோ டிப்ளாய். யூசர் ஐடி, பைப்லைனோட சர்வீஸ் அக்கவுன்ட். அதுக்கு முந்தின லெவலும் அதேதான், அதுக்கு முந்தினதும் அதேதான். 01.09 வரைக்கும் அப்படியே ஒரே மூணு சொல் ஸ்கிரீன்ல நேர்கோடா எறங்குது. 01.08ல இருந்து கீழ மனுஷங்க. அங்க சிசிஐடில டிக்கெட் நம்பர் இருக்கு, கமென்ட்ல "நெகடிவ் பேலன்ஸ் ரவுண்டிங் சரி செய்தது"ங்கற மாதிரி எழுதியிருக்கு.

நீங்க கேக்கலாம், எடுத்த இஃப்ப திரும்பப் போட்டுட்டு போக வேண்டியதுதான, யாரு எடுத்தா என்னன்னு. நாங்களும் முதல்ல அப்படித்தான் பேசினோம். அப்பத்தான் டீம்ல இருந்த சீனியர் மேடம் ஒரு கேள்வி கேட்டாங்க. "ஒருவேளை வேணும்னே எடுத்திருந்தா? அந்த செக் என்ன பண்ணுச்சு, தப்பான ரெக்கார்ட சத்தமில்லாம தாண்டிப் போச்சு. அதனால மொத்தத் தொகை கொறைவா போய், யாராவது அத கண்டுபிடிச்சு, இனிமே தாண்டாத, விழுந்தாலும் பரவால்லன்னு முடிவு பண்ணி எடுத்திருந்தா, நீங்க இப்ப திரும்பப் போட்டா அந்தப் பழைய தப்ப மறுபடி உள்ள விடறீங்க." கான்ஃபரன்ஸ் கால்ல அப்பறம் கொஞ்ச நேரம் யாரும் வாயத் தொறக்கல. ஏன்னா ரெண்டுமே நடந்திருக்க வாய்ப்பு இருக்கு. க்ளீன் பண்ண வந்த ஒருத்தர் "இது தேவையில்லாத செக்"னு எடுத்திருக்கலாம், இல்ல மேடம் சொன்ன மாதிரி யோசிச்சு எடுத்திருக்கலாம். சோர்ஸ் ஒரே சோர்ஸ், டெல்டா ஒரே டெல்டா. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்த 40 எழுத்துல மட்டும்தான் இருந்திருக்க முடியும், அங்க ஆட்டோ டிப்ளாய்னு எழுதியிருக்கு.

பைப்லைன் பில்ட் லாக்க தேடினோம், அது இடத்த மிச்சம் பண்ணணும்னு பழசு எல்லாம் தானா அழியற மாதிரி வெச்சிருந்தாங்க, அழிஞ்சிடுச்சு. கடைசில வேற புராஜெக்ட்டுக்கு மாறிப் போன ஒருத்தருக்கு மெசேஜ் போட்டு, அவரு பழைய மெயில தோண்டி, மேடம் சொன்னதுதான் சரின்னு தெரிஞ்சுது. வேணும்னே எடுத்ததுதான். அப்ப பண்ண வேண்டியது இஃப்ப திரும்ப வெக்கறது இல்ல, அந்த ரெக்கார்ட தனியா ஒரு ரிஜெக்ட் ஃபைலுக்கு எழுதிட்டு, எண்ணிக்கைய காட்டி, ஆளக் கூப்பிடறது. அவரு மெயில அழிச்சிருந்தா என்ன பண்ணியிருப்போம்னு எனக்கு இப்பவும் தெரியல.

அதுக்கு அப்பறம் ஆர்வத்துல பைப்லைன் ஸ்கிரிப்ட்ட திறந்து பாத்தேன். சிசிஐடிக்கு டீஃபால்ட் வெச்ச வரிக்கு மேல யாரோ ஒரு கமென்ட் எழுதி வெச்சிருந்தாங்க: "இது இல்லன்னா எர்ரர் வருது." அவ்வளவுதான். எழுதினவர் மேல எனக்குக் கோவமே வரல. எண்டெவர்ல சிஸ்டம் டெஃபனிஷன்லயே சிசிஐடி கட்டாயமா, கமென்ட் கட்டாயமான்னு ரெண்டு ஸ்விட்ச் உண்டு. ரெண்டும் ஒய் (Y)னு இருந்திருக்கு. காலியா அனுப்பினா ஆக்ஷன் ஃபெயில் ஆகும். அவரு என்ன பண்ணுவாரு, ஒரு சொல்ல நிரப்பினாரு, எர்ரர் போயிடுச்சு, டிக்கெட்ட மூடிட்டாரு. அடுத்தவங்க கேள்வி கேக்கணும்னு வெச்ச கட்டுப்பாடே, யாரும் கேள்வி கேக்க முடியாத மாதிரி ஒரு பதில உண்டாக்கிடுச்சு. ஸ்விட்ச் என் (N)னு இருந்திருந்தா அந்த எடம் காலியா இருந்திருக்கும், ஹிஸ்டரிய பாத்த எவனும் "இங்க தகவல் இல்ல"ன்னு அன்னிக்கே பொறி தட்டி கேட்டிருப்பான். நிரப்பி இருந்ததால எல்லாரும் நல்லாத்தான் இருக்குன்னு நெனச்சிட்டோம். ஆடிட்ல கூட சிசிஐடி இல்லாத லெவல் எத்தனன்னுதான் ரிப்போர்ட் எடுத்தாங்க. பூஜ்யம். பாஸ்.

கேட்டுல செக்யூரிட்டி நோட்டு வெச்சிருப்பாங்கல்ல, பேரு, நேரம், யாரப் பாக்க, எதுக்குன்னு நாலு காலம். "எதுக்கு"ல முதல் ஆள் அஃபீஷியல்னு எழுதுவான், அடுத்த ஆள் அதுக்குக் கீழ ரெண்டு சின்ன கோடு போடுவான், பக்கம் முழுக்க அந்தக் கோடுதான் எறங்கும். எங்க ஹிஸ்டரி ஸ்கிரீன் சரியா அப்படித்தான் இருந்துச்சு.

மெஷினுக்குத் தெரிஞ்சதும் தெரியாததும்

அதனால தம்பிகிட்ட நான் சொன்னது இதுதான். இந்த எட்டுல எது மெஷின் தானா கண்டுபிடிக்கக்கூடியதோ அத மெஷினையே நிரப்பச் சொல்லு. எந்த ரெப்போ, எந்த பிராஞ்ச்னு தெரிஞ்சா சிஸ்டமும் சப்சிஸ்டமும் ஸ்டேஜும் தெரிஞ்சிடும், ஃபைலோட எக்ஸ்டென்ஷன வெச்சு டைப்ப சொல்லிடலாம். ஆனா ஏன் மாத்துனங்கறது மெஷினுக்குத் தெரியாது. தெரியாத ஒண்ணுக்கு டீஃபால்ட் வெக்காத. காலியா விடு, இல்ல ஃபெயில் ஆகு. அவன் சொன்னான், "சரிண்ணா, ஆனா மனுஷங்ககிட்ட கேட்டா மட்டும் என்ன எழுதறாங்க? புள்ளி வெப்பாங்க, டெஸ்ட்னு எழுதுவாங்க, கீபோர்டுல கைய தேய்ப்பாங்க." உண்மைதான், பாத்திருக்கேன். ஆனா புள்ளி வெச்ச லெவல்ல குறைஞ்சபட்சம் யாரு வெச்சாங்கன்னு யூசர் ஐடி இருக்கும், போய் கேக்கலாம்னு சொன்னேன்.

அங்கதான் அவன் என்ன மடக்குனான். பைப்லைன்ல எல்லாமே சர்வீஸ் அக்கவுன்ட்டுதான, அப்ப யாருகிட்ட போய் கேப்பீங்க? இது நான் அதிகமா யோசிக்காத பக்கம். எண்டெவர் இந்த "யாரு"ங்கற விஷயத்துல ரொம்ப கவனமா கட்டுனது. சோர்ஸ் டேட்டாசெட்டுக்கு எழுதற உரிமை டெவலப்பருக்கு கிடையாது, எண்டெவர் ஒரு ஆல்டர்னேட் ஐடி வெச்சு அத எழுதும். ஆனா ஆக்ஷன் பதிவாகறது கேட்ட ஆளோட சொந்த ஐடில. அதிகாரம் ஒருத்தர்கிட்ட, பொறுப்பு இன்னொருத்தர்கிட்டன்னு ரெண்டையும் பிரிச்சு வெச்சிருக்காங்க. நாம ஒரு சர்வீஸ் அக்கவுன்ட்ட நடுவுல நிறுத்தி அந்தப் பிரிவ ஒரே நாள்ல இல்லாம பண்ணிட்டோம். யூசர் ஐடி ஏபிஐ ஸ்ட்ரக்சர்ல ஒரு ஃபீல்டாக்கூட வராது, எந்த செக்யூரிட்டி அடையாளத்துல ஜாப் ஓடுதோ அதுதான், அதனால அது பாராமீட்டர்னே யாருக்கும் தோணல. ஆனா எல்லா கமாண்டுக்கும் பொதுவானது எதுன்னு கேட்டா முதல்ல அதத்தான் சொல்லணும். ரேக்எஃப் (மெயின்ஃப்ரேம் செக்யூரிட்டி சாஃப்ட்வேர்) குடுக்கற பாஸ்டிக்கெட் மாதிரி, பாஸ்வேர்டுக்குப் பதிலா செல்லற ஒண்ண வெச்சு, கமிட் பண்ண ஆளோட ஐடியிலயே ஆக்ஷன ஓட்டலாம்னு ஒரு யோசனை இருக்கு, செக்யூரிட்டி டீம் கேள்வி மேல கேள்வியா அனுப்பிட்டு இருக்காங்க, அவங்க கவலையும் நியாயமானதுதான்.

சிலர் சொல்வாங்க, இதெல்லாம் பேக்கேஜ்ல (மாற்றங்கள ஒண்ணா கட்டி அனுப்பற மூட்டை) வெச்சா தீந்துடும்னு. எண்டெவர் மாதிரி இன்னொரு டூலான சேஞ்ச்மேன் இசட்எம்எஃப்ல பேக்கேஜ் இல்லாம வேலையே ஆரம்பிக்க முடியாது, அப்ளிகேஷனோட 4 எழுத்து, கூட 6 இலக்கம், அதுக்குள்ளதான் எல்லாம் நடக்கும். ஏன்ங்கற கேள்விக்கு முதல்லயே பதில் சொல்லிட்டுத்தான் உள்ள வரணும். எண்டெவர்லயும் பேக்கேஜ் உண்டு, 16 எழுத்து ஐடி, காஸ்ட் பண்ணி, அப்ரூவ் வாங்கி, எக்ஸிக்யூட் பண்ணணும். நல்ல ஏற்பாடுதான். ஆனா பைப்லைன் பேக்கேஜையும் தானா உண்டாக்கும், அதுக்கு ஒரு டிஸ்கிரிப்ஷன் தானா எழுதும், அப்ரூவர் ஸ்க்ரோல் பண்ணாம ஓகே அமுக்குவாரு. கேள்வி ஒரு படி மேல ஏறி உக்காந்துக்கும், அவ்வளவுதான்.

இப்போதைக்கு எங்க எடத்துல என்ன பண்ணியிருக்கோம்னா, ராப்பர்ல இருந்து அந்த ரெண்டு டீஃபால்ட்டையும் எடுத்தாச்சு. ஆக்ஷனுக்கு முன்னாடி ஓடற எக்ஸிட் 2ல (நடுவுல நாம சொருகற சொந்த புரோகிராம்) சிசிஐடிய நடப்புல இருக்கற டிக்கெட் லிஸ்ட்டோட ஒப்பிட்டுப் பாக்கறோம், லிஸ்ட்ல இல்லன்னா ஆக்ஷன் நிக்கும். முதல் வாரம் எல்லாரும் திட்டுனாங்க, இப்ப பழகிடுச்சு. சிசிஐடிய தம்பி பிராஞ்ச் பேருல இருந்து எடுக்கறான், அதுல எனக்கு மறுப்பு இல்ல, ஏன்னா பிராஞ்ச் பேர வெச்சது ஒரு மனுஷன். கமென்ட்டதான் கமிட் மெசேஜோட முதல் வரில இருந்து எடுக்கறான், அங்கதான் இப்ப புதுச் சண்டை. 40 எழுத்துதான் இடம். எங்க கமிட் வரி எல்லாம் டிக்கெட் நம்பர்ல ஆரம்பிச்சு, அடுத்து எந்த மாட்யூல்னு அடைப்புக்குறில வந்து, அதுக்கு அப்பறம்தான் விஷயமே வரும். விஷயம் வர்றதுக்குள்ள 40 தீந்துடுது. மெர்ஜ் கமிட்டா இருந்தா இன்னும் மோசம், பிராஞ்ச் பேரோடயே முடிஞ்சிரும். டிக்கெட் நம்பர்தான் சிசிஐடில ஏற்கனவே இருக்கே, கமென்ட்ல இருந்து அந்த முன்னொட்ட வெட்டு, மெர்ஜ் கமிட்ட விட்டுட்டு அதுக்கு முந்தின கமிட்ட எடுன்னு சொன்னேன். "அப்ப ஸ்குவாஷ் மெர்ஜ் பண்ணவங்களுக்கு, எல்லா கமிட்டையும் ஒண்ணா நசுக்கிடறவங்களுக்கு?"ன்னு கேட்டுட்டு போயிருக்கான். ரிவ்யூ இன்னும் ஓபன்லதான் இருக்கு.